நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு



அழைப்பிதழில் 'மனச்சோர்வு: அறிதலும் தீர்த்தலும்' என்று பொதுவாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினால் எல்லாரைப் பற்றியும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லி, யாரைப் பற்றியும் முழுதாகச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க நேரும். ஆகவே தலைப்பைச் சுருக்கிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி மட்டும் இன்று பேசப்போகிறேன்.

ஏன் இதை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை எதுவும் பெறாமல் இருப்பது தெரியவந்தது. அவர்கள் மருத்துவரைத் தேடி வருவதில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று நமக்கும் தெரிவதில்லை. பிள்ளை பெற்றவள் விஷயம் அப்படியில்லை. அவள் பெயர், வயது, தெரு, கணவர் பெயர், ரத்த வகை எல்லாம் அரசிடம் இருக்கின்றன. அவள் நம்மைத் தேடி வரவே வேண்டாம். நாம்தான் ஏற்கெனவே அவள் வீட்டு வாசலில் நிற்கிறோமே.

தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றதும் அவளுக்குப் பிக்மி என்ற பதிவு எண் தரப்படுகிறது. அந்த எண் இல்லாமல் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம். மாதாமாதம் எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு, சர்க்கரை, ஸ்கேன் என்று பார்க்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பிறந்த குழந்தையையும் தாயையும் ஊர்தியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் கனவாக இருந்தவை இவை. இதில் பெருமைப்பட நமக்கு முழு உரிமை உண்டு. வேலை நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு.

இவ்வளவு பார்த்தும், அந்தப் பெண்ணின் மனம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அங்கங்கே நல்ல முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்ப்பது போல, எல்லாத் தாயிடமும் தவறாமல் கேட்பது என்ற நிலை வரவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, அதாவது 20,043 தாய்மாரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. நூற்றுக்கு 22 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். அந்த ஆய்வுகளில் பல, வினாத்தாளில் மதிப்பெண் போட்டுப் பார்த்தவை. மருத்துவர் உட்கார்ந்து பேசி உறுதி செய்தால் எண்ணிக்கை குறையும். பாதியாகவே குறையட்டும், பத்துக்கு ஒருத்தி. இரும்புச்சத்துக் குறைவை விட்டுவிட்டால், பிரசவத்தையொட்டி இத்தனை பேருக்கு வரும் கோளாறுகள் அதிகமில்லை.

பிரசவத்துக்குப் பின் மனம் கலங்குவதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல்.

முதலாவது, மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில் வரும் அழுகை. பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வரும். யாராவது அன்பாகப் பேசினாலும் கண் கலங்கும், பேசாவிட்டாலும் கலங்கும். சட்டென்று சிரிப்பும் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இதற்கு மருந்து வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

இன்னொரு கோடியில் இருப்பது மனச்சிதைவைப் போன்ற கடுங்கலக்கம். ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தொடங்கும். தூக்கமே இல்லாமல் இருப்பாள், விடாமல் பேசுவாள், குழந்தை தன்னுடையது இல்லை என்பாள், காதில் குரல் கேட்கிறது என்பாள். ஊரில் இதை ஜன்னி என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால் தாராளமாகப் போகட்டும். பெருமாளுக்கு ஆட்சேபம் இருக்காது. ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்கே, மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ரத்தப்போக்குக்கு எவ்வளவு அவசரமாக ஓடுவோமோ அவ்வளவு அவசரம் இதற்கும். சரியான சிகிச்சை கிடைத்தால் இந்தப் பெண்கள் மிக நன்றாகத் தேறுகிறார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இவர்களைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு விவாகரத்துக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவு 2009 முதல் நடக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றே சொல்கிறது. சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டோம். வார்டுகளில் தொட்டிலுக்கு இடம் கொடுத்தது மிகக் குறைவு.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நம் பொருள். அது முதல் வகையைப் போலத் தானாகப் போகாது. கடுங்கலக்கத்தைப் போலக் கூச்சல் போட்டுத் தெரியவும் செய்யாது.

பலரைச் சேர்த்து ஒருத்தியாகச் சொல்கிறேன். தலைப்பிரசவம், தாய் வீட்டில் இருக்கிறாள். இரண்டு மாதம் ஆயிற்று. முதல் புகார் மனசைப் பற்றி இருக்காது. "நெஞ்சு படபடங்குது", "உச்சந்தலை எரியுது", "கை கால் ஓய்ஞ்சு வருது", "பால் பத்தலை" என்பாள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, சத்து டானிக் எழுதி அனுப்புவார்கள். மறுவாரம் மறுபடி வருவாள். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா சொல்வார். "நாங்க பெக்காததையா பெத்துட்டே" என்று அத்தை சொல்வார். அவளும் வாயை மூடிக்கொள்வாள். 

நான் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன். குழந்தை அழுவதால் தூங்க முடியவில்லை என்று எல்லாத் தாயும் சொல்வார்கள். அதில் ஒன்றும் தெரியாது. குழந்தை தூங்குகிறது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது, அப்போதாவது தூக்கம் வருகிறதா என்று கேட்கவேண்டும். வரவில்லை, விழித்துக்கொண்டே கிடக்கிறேன், விடியற்காலை மூன்று மணிக்கே நெஞ்சில் கல் வைத்தது போல் முழிப்பு வந்துவிடுகிறது என்றால் அடுத்த கேள்விக்குப் போகவேண்டும். முன்பு பிடித்த எதிலாவது இப்போது மனம் போகிறதா? சாப்பாட்டில் ருசி தெரிகிறதா? குழந்தை சிரிக்கும்போது உள்ளே ஏதாவது அசைகிறதா? "எல்லாரும் கொஞ்சுறாங்க டாக்டர், எனக்கு ஒண்ணுமே தோணலை, நான் எல்லாம் ஒரு அம்மாவா" என்று ஒருத்தி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு அறிகுறிகள் இருக்கின்றன. மகிழ்ச்சி வற்றிப்போயிருக்கிறது, குற்றவுணர்ச்சி ஏறியிருக்கிறது. மனச்சோர்வு என்று உறுதி செய்ய வைத்திருக்கும் பட்டியலில் ஒன்பது அறிகுறிகள் உண்டு. சோகம் அல்லது ஆர்வமின்மை இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும். மொத்தத்தில் ஐந்து அறிகுறிகளாவது, அநேகமாக நாள் முழுக்க, தொடர்ந்து இரண்டு வாரம் இருக்கவேண்டும். ஒருநாள் அழுதவளை நோயாளியாக்க யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றைச் சற்று நின்று சொல்லவேண்டும். இதை வெளியே சொல்லப் பெண்கள் மிகவும் பயப்படுவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது, மாடிப்படி இறங்கும்போது, அரிவாள்மனை முன் உட்காரும்போது, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு எண்ணம் மின்னல் போல வந்து போகும். வந்ததும் உடம்பு நடுங்கிவிடும். அதன் பிறகு அடுப்படிப் பக்கம் குழந்தையோடு போகமாட்டாள். குளிப்பாட்டும் வேலையை அம்மாவிடம் தள்ளிவிடுவாள். வீட்டில் "பிள்ளை மேல பாசமே இல்லை" என்று பெயர் வாங்குவாள். உண்மையில் அந்த எண்ணம் அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது, அதனால்தான் விலகி நிற்கிறாள். இப்படிப்பட்ட எண்ணம் மனச்சோர்விலும் பதற்றத்திலும் வரும், நோயே இல்லாத தாய்மாருக்கும் வரும். அதற்குப் பயப்படுகிறவள் குழந்தைக்குத் தீங்கு செய்வது மிக அரிது. எண்ணத்தைச் சரி என்று நம்பத் தொடங்குகிறவள், யாரோ அப்படிச் செய்யச் சொல்கிறார்கள் என்பவள், அவள்தான் நான் முன்பு சொன்ன கடுங்கலக்கத்துக்காரி. இரண்டையும் பிரித்தறியத் தெரியாத மருத்துவர் முன்னவளை மிரட்டி அனுப்புவார், பின்னவளை வீட்டுக்கு அனுப்புவார்.

இந்த மனச்சோர்வு நவீன காலத்து வியாதி, மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான வியாதி என்று சொல்பவர்கள் உண்டு. பிரான்சில் லூயி விக்தோர் மார்சே என்ற மருத்துவர் கருவுற்ற, பிள்ளை பெற்ற பெண்களின் மனநோய்களைப் பற்றி 1858லேயே தனி நூல் எழுதினார். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களைத்தான் அவர் பார்த்தார். வீட்டில் இருந்தபடியே வாடிக்கொண்டிருப்பவர்களை எண்ணிப் பார்த்தது பிரைஸ் பிட் என்ற மருத்துவர். 1968இல் லண்டனில் நூற்றுக்குச் சுமார் 11 தாய்மாரிடம் மனச்சோர்வைக் கண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பெண்களைச் சந்தித்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். லண்டனுக்கும் கணியம்பாடிக்கும் ஒரே எண். இரண்டும் ஒரே விதமாக எண்ணப்பட்டவை அல்ல என்பதால் இதை வைத்துப் பெரிய கோட்பாடு கட்டமாட்டேன். மேல்நாட்டு வியாதி என்ற பேச்சை முடித்துவைக்க இது போதும்.

ஏன் வருகிறது? நஞ்சுக்கொடி விழுந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் இரண்டொரு நாளில் மளமளவென்று இறங்குகின்றன. அந்த இறக்கத்தைச் சில பெண்களின் மூளை தாங்கிக்கொள்வதில்லை. தூக்கம் துண்டு துண்டாகிறது. சிலருக்குத் தைராய்டு கெடுகிறது, பலருக்கு ரத்தம் குறைந்திருக்கிறது. இந்த இரண்டையும் பரிசோதிக்காமல் மனச்சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது. ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவளுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். இதெல்லாம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

கணியம்பாடியில் கிடைத்த பட்டியல் பாடப்புத்தகத்தில் இல்லாதது. குறைந்த வருமானம். ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது. மாமியாரோடு பிணக்கு. பெற்றோரோடும் பிணக்கு. கர்ப்ப காலத்தில் வந்த துயரங்கள். ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. பிரசவ வார்டுக்கு வெளியே ஒரு நாள் நின்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆயா வந்து "பொண்ணு" என்றதும் வாங்கி வந்த சாக்லேட் பொட்டலம் பைக்குள்ளேயே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே படுத்திருப்பவளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? கோவாவில் நடந்த ஆய்விலும் இதே பெண் குழந்தை, இதே வறுமை, கூடவே கணவனின் அடி உதை.

தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தியச் சோறு, மருந்துக் குழம்பு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, யாரும் வேலை ஏவாமல் இருப்பது, இவை எல்லாம் உண்மையில் பெரிய பாதுகாப்பு. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்பவர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் 'பெற்றோரோடு பிணக்கு' என்றும் இருப்பதைக் கவனியுங்கள். எல்லாப் பெண்ணுக்கும் தாய் வீடு இளைப்பாறும் இடமாக இருப்பதில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்தவளுக்குத் தாய் வீடே இல்லை. அண்ணி ஆட்சி நடக்கும் வீட்டில் மூன்று மாதம் இருப்பது இன்னொரு மாமியார் வீட்டில் இருப்பதுதான். இருந்து தேறியவளும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீரோடு புகுந்த வீடு திரும்புகிறாள். எண்ணெய் தேய்த்துவிட்ட கை இனி இல்லை. அந்த வாரத்தில்தான் பல பேருக்கு உடைகிறது. நம் செவிலியரின் பிரசவத்துக்குப் பிந்தைய வருகைகளோ 42ஆம் நாளோடு முடிந்துவிடுகின்றன. அவள் இருக்கும் ஊரே மாறிவிட்டது. ஒரு துணைச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடைவெளியில் அவள் யார் பொறுப்பிலும் இல்லை.

அந்த 42 நாள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பேறுகால மரணம் என்று உலகெங்கும் எண்ணுவது கர்ப்ப காலத்திலும் பிரசவமாகி 42 நாட்களுக்குள்ளும் நேரும் இறப்புகளை. ரத்தப்போக்கு, வலிப்பு, நச்சுத்தொற்று காலத்தில் வகுத்த கணக்கு அது. அவற்றை வென்ற நாடுகள் நாள் கணக்கை நீட்டிப் பார்த்தன. பிரிட்டனில் ஆறு வாரத்துக்கும் ஓர் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்கும் தாய்மாரின் சாவுக்கு முதன்மையான காரணம் தற்கொலை. பக்கத்தில் கேரளத்தில், மகப்பேறு மருத்துவர்கள் ஒவ்வொரு தாயின் சாவையும் தனித்தனியாக ஆராய்ந்தபோது, மற்றக் காரணங்கள் குறையக் குறையத் தற்கொலை மேலே வந்து நிற்பதைக் கண்டார்கள். பிறகுதான் அங்கே செவிலியர்களைக் கொண்டு தாய்மாரின் மனநலத்தைப் பார்க்கும் 'அம்மமனசு' திட்டம் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2012இல், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் நேரும் தற்கொலையைப் பேறுகால மரணத்தின் நேரடிக் காரணங்களில் சேர்த்து எண்ணும்படி சொல்லிவிட்டது.

நம்மூரில் இந்தத் தற்கொலைகளை எப்படி எண்ணுகிறோம்? நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வரும். 'தீராத வயிற்று வலியால் இளம்பெண்' என்று தொடங்கும். எத்தனை ஆண்டாக இந்த வயிற்று வலி நம் காவல் நிலையங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது! கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். வரதட்சணைக் கொடுமை உண்டா என்று கேட்பார்கள். அது கேட்கவேண்டிய கேள்விதான். கைக்குழந்தை இருந்ததா, எத்தனை மாதம், பிரசவத்துக்குப் பின் அவள் எப்படி இருந்தாள் என்ற கேள்விகளும் அந்த விசாரணையில் இடம்பெற வேண்டும். எண்ணப்படாத சாவுக்கு யாரும் நிதி ஒதுக்கமாட்டார்கள்.

இந்த மனச்சோர்வு தாயோடு நிற்பதும் இல்லை. அதே கணியம்பாடியில் நடந்த இன்னோர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளையும் நல்ல எடையுள்ள குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், எடை குறைந்த குழந்தைகளின் தாய்மாரிடம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பல மடங்கு அதிகமாக இருந்தது. அங்கன்வாடியில் எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலத்தைக் கூட்டிக் கொடுக்கிறோம். ஊட்டும் கைக்கு உடம்பு சரியில்லையா என்று பார்ப்பதில்லை. அப்பாமாருக்கும் குழந்தை பிறந்த ஆண்டில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது, இன்று அதைத் தொடவில்லை.

இனி, கண்டுபிடிப்பது எப்படி. 1987இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் அவரது இரண்டு சகாக்களும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். இதை வகுத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் எதில் இருக்கிறது தெரியுமா? மற்ற மனச்சோர்வு வினாத்தாள்களில் அசதி, பசி, எடை என்று உடம்பைப் பற்றிக் கேட்பார்கள். பிள்ளை பெற்றவளிடம் அசதியாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஆகவே உடம்பை விட்டுவிட்டு மனதை மட்டும் கேட்டார்கள். தூக்கத்தைக் கேட்கும் இடத்தில்கூட, வருத்தத்தால் தூக்கம் வராமல் போகிறதா என்றுதான் கேட்டார்கள். வேலூரில் இதைத் தமிழில் பெயர்த்துச் சரிபார்த்து 2005இல் வெளியிட்டுவிட்டார்கள். கருவி இருபது ஆண்டாக நம் கையில் இருக்கிறது.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இதைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. நெடுநாளாக உள்ளே வைத்துப் புழுங்கியதை ஒருவர் கேட்டுவிட்டாரே என்று அவளுக்கு ஆறுதல்தான் வரும். மற்றக் கேள்விகளில் மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பத்தாவதில் ஆமாம் என்றால் அவளைத் தனியே விடக்கூடாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும். இரவு நேரமானால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் எந்த மருமகளும் உண்மை பேசமாட்டாள். அனுபவமுள்ள செவிலியர்களிடம் ஒரு வழி இருக்கிறது. "கொஞ்சம் சுடுதண்ணி வச்சுக் கொண்டாங்கம்மா, கை கழுவிட்டுக் குழந்தையைத் தொடணும்" என்று பெரியவரை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடம் போதும்.

சிகிச்சைக்கு வருகிறேன். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்குப் பக்கத்துக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்த ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வந்தது. அங்கே வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் உண்டு. நம் செவிலியர்களைவிடப் படிப்புக் குறைந்தவர்கள். அவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகளைக் கடைசி மாதத்திலிருந்து குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்வரை 16 முறை சந்தித்துப் பேசச் சொன்னார்கள். என்ன பேச்சு? 'பெண்ணாய்ப் பிறந்தது, என் தலையெழுத்து' என்று அவள் சொல்லும்போது அந்த எண்ணத்தை எடுத்துப் பார்ப்பது, அதன் இடத்தில் வேறு எப்படி எண்ணலாம் என்று யோசிக்க வைப்பது, அடுத்த வாரத்துக்குள் செய்யச் சின்னதாக ஒரு வேலை கொடுப்பது. அவ்வளவுதான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது இந்தப் பெண்களில் மனச்சோர்வு நீடித்தது நூற்றுக்கு 23 பேரிடம். இப்படிப் பயிற்சி பெறாதவர்கள் அதே எண்ணிக்கையில் போய்ப் பார்த்துவந்த கிராமங்களில் 53 பேரிடம். 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கையேடாகவே வெளியிட்டது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. உங்கள் மருமகளுக்கு மனநோய், சிகிச்சைக்கு வந்திருக்கிறோம் என்று அவர்கள் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம் என்று பேச வந்திருக்கிறோம் என்றார்கள். பேரன் பேத்தி நலம் என்றதும் மாமியாரும் வந்து உட்கார்ந்துகொண்டார். கணவனும் காது கொடுத்தான். இது தந்திரம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. குழந்தை நன்றாக வளர்வதும் பொய்யில்லையே.

பேச்சு எல்லாருக்கும் போதாது. எழுந்து உட்காரவே முடியாதவளுக்கும் சாகும் எண்ணம் உள்ளவளுக்கும் மாத்திரையையும் சேர்த்துத்தான் தொடங்கவேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் செர்ட்ராலின் என்ற மருந்தை எழுதுகிறோம். பாலில் அது மிகச் சொற்பமாகவே போகிறது. பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. விலையும் அதிகமில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் ஆன பிறகே பலன் தெரியும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். அதைப் பார்த்துப் பயந்து பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தேறியதும் நிறுத்துகிறவர்கள் மீதிப் பேர். குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட்டு, மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். இது தூக்க மாத்திரை அன்று. போதைப் பழக்கம் போல மேலும் மேலும் கேட்கவும் வைக்காது. எழுதும் மருத்துவருக்கும் ஓர் எச்சரிக்கை: அவளுக்கோ குடும்பத்திலோ முன்பு மிதமிஞ்சிய உற்சாகமும் தூக்கமின்மையுமாக ஒரு காலம் இருந்ததா என்று கேட்காமல் இந்த மருந்தை எழுதக்கூடாது. இருமுனைக் கோளாறு உள்ளவளுக்கு இதை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாகும். மிகக் கடுமையானவர்களுக்கு மின் அதிர்வுச் சிகிச்சை இன்றும் நல்ல பலன் தருகிறது. மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறோம். சினிமாவில் காட்டுவதை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் 2023இல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே 14 நாள் சாப்பிடும் சுரானொலோன் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் நமக்கு மனச்சோர்வு வரும்.

மருந்துச் சீட்டில் நான் எழுதும் இன்னொன்றைப் பார்த்து மருந்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்: 'இரவில் தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம்'. பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் படுக்கட்டும். நடுவில் குழந்தை அழுதால் பிழிந்து வைத்த பாலைக் கணவர் புகட்டலாம், அல்லது மாமியார் புகட்டலாம். தாய்ப்பாலைப் பிழிந்து பாலாடையில் கொடுக்க எல்லாப் பிரசவ வார்டிலும் கற்றுக்கொடுக்கிறார்கள். கணவரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து இதைச் சொல்லவேண்டும். மாத்திரை அவள் மூளைக்குள் வேலை செய்யும். மாமியாரை மாற்றும் சக்தி அதற்குக் கிடையாது. குடிக்கும் கணவனையும், அடிக்கும் கணவனையும் அதனால் ஒன்றும் செய்யமுடியாது. அந்த இடத்தில் மருத்துவர் சமூக நலத் துறையோடும் காவல் துறையோடும் பேசியாகவேண்டும். பல மருத்துவர்கள் அங்கே கையைக் கழுவிவிடுகிறார்கள்.

முன்வரிசையிலிருந்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "சார், இருக்கிற பதிவேட்டை எழுதவே ராத்திரி பத்து மணி ஆகுது, இதில் இன்னொண்ணா?" நியாயமான கேள்வி. புதிதாக ஒரு பதிவேடு சேர்த்தால் இந்த வேலை செத்துப்போகும். எடின்பரோ தாளையும் கடைசியில் கட்டம் கட்டமாக டிக் அடித்து மேலே அனுப்பும் படிவமாக்கிவிடுவார்கள். ஏற்கெனவே எழுதுவதில் இரண்டை நீக்கிவிட்டு இதைச் சேருங்கள் என்று அதிகாரிகளிடம் நான் சொல்லி வருகிறேன். இங்கும் சொல்கிறேன்.

தனியாக வீட்டுக்குப் போகவும் வேண்டாம். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், பிறகு ஒன்பதாம் மாதம். தாய் வீட்டில் இருந்தாலும் புகுந்த வீட்டில் இருந்தாலும், பக்கத்தில் உள்ள நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்துவிடுவாள். பிள்ளைக்கு ஊசி என்றால் யாரும் தடுப்பதில்லை. 42ஆம் நாள் என்ற எல்லையும் அங்கே இல்லை. ஆறாவது வாரத்தில் ஒருமுறை, பதினான்காவது வாரத்தில் ஒருமுறை, ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை கேட்டால் போதும். ஊசி போட்டபின் குழந்தைக்கு ஏதும் ஆகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரவைக்கிறோம். அந்த அரை மணியில் பத்துக் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் ஆகும். மதிப்பெண் கூடுதலாக வந்தவர்களை மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் வட்டாரத்துக்கு வரும் நாளில் வரச்சொல்லுங்கள். பத்தாவது கேள்விக்கு ஆமாம் என்றவளை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்காதீர்கள்.

தமிழ் வினாத்தாளின் படிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. மதிப்பெண் போடும் முறை பின்பக்கத்தில் இருக்கிறது. கேள்வி நேரத்தைத் தொடங்கலாம். செவிலியர்கள் முதலில் கேளுங்கள்.